அடுப்பங்கரைக் காற்று

செத்துப்போன பஞ்சவர்ணம் மறுபடி சமைக்கத் தொடங்கிவிட்டாள் என்பதை, கருமாதி முடிந்த அடுத்த வாரம், ஹாலில் நின்ற ஃபேன்தான் முதலில் எல்லோருக்கும் சொன்னது. அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை, பற்றவைக்க ஆளும் இல்லை, அப்பனும் மகனும் முந்தின நாள் கடையில் வாங்கிய புரோட்டாப் பொட்டலத்தின் இலை இன்னும் மூலையில் கிடந்தது. அப்போது அடுப்பங்கரைக்குள்ளிருந்து ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது, ஹாலில் ஃபேன் தலையை ஆட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. சேரில் சாய்ந்திருந்த சோலைமலை கண்ணைத் திறக்காமலே, "பஞ்சு, டீ ஆச்சா?" என்றார். கேட்டபிறகுதான் அவள் செத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. ஃபேனுக்கு அது ஞாபகம் வரவில்லை. அது மத்தியானச் சாப்பாட்டு நேரம்வரை ஓடிவிட்டு, பாத்திரம் கழுவி முடிக்கிற நேரத்துக்குத்தான் நின்றது.

செல்லூர்க் கண்மாய்க்குப் போகிற ரோட்டில், ஒன்பது வீடுகள் எதிரும் புதிருமாக நிற்கிற அந்தக் காம்பவுண்டில் யாரும் இதற்குப் பெரிதாக அதிசயப்படவில்லை, ஏனென்றால் பஞ்சவர்ணம் உயிரோடு இருந்தபோதும் அந்த ஃபேன் அவள் வெந்த அளவுக்குத்தான் சுற்றியது. அது எப்படியென்றால், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற சோலைமலைக்குக் காற்று இல்லாமலும் முடியாது, காற்று அதிகமானால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அதனால் "ஏய், ஃபேனைப் போடு" என்றும் "ஏய், ஃபேனை அமத்து" என்றும் நாள் முழுக்க அடுப்பங்கரையைப் பார்த்துக் குரல் கொடுப்பார், அவளும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடுவாள். கத்திக் கத்தி அப்பாவுக்குத் தொண்டை வறண்டுபோகிறதே என்று மகன் கதிரேசனுக்கு மனசு பொறுக்கவில்லை. செல்போன் கடை வைத்திருப்பவன், இந்த மாதிரிச் சாமானெல்லாம் தெரிந்தவன், பிளக்கில் செருகுகிற தெர்மோஸ்டாட் ஒன்றை வரவழைத்தான். கைக்கடக்கமான வெள்ளைப் பெட்டி, நெற்றியில் சிவப்பு எண்கள், பக்கவாட்டில் தொங்கும் ஒரு வயர், வயர் முனையில் சூட்டைத் தொட்டுப் பார்க்கிற சின்னக் குமிழ். ஃபேனின் பிளக்கை அந்தப் பெட்டியில் மாட்டிவிட்டால் போதும், வைத்த சூட்டைத் தாண்டினால் தானே ஓடும், குறைந்தால் தானே நிற்கும், யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

நல்ல சாமான்தான். ஆனால் ஹாலில் இருந்த பிளக்குகளை டிவியும், அதன் பெட்டியும், இரண்டு போன்களும் பிடித்துக்கொண்டிருந்தன. வீட்டிலேயே பிடுங்கினால் யாரும் கேள்வி கேட்காத பிளக் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அடுப்பங்கரையில் மிக்ஸி ஓடுகிற பிளக். கதிரேசன் பெட்டியை அங்கே செருகினான், அங்கிருந்து ஹாலுக்கு எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தான், குமிழை டீ வடிகட்டி மாட்டுகிற ஆணியில், அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிட்டான். முதலில் முப்பது டிகிரி வைத்துப் பார்த்தான், அடுப்பங்கரை எந்நேரமும் அதற்கு மேலேயே கொதித்ததால் ஃபேன் நிற்கவே இல்லை, ஃபேன் மோட்டார் சூடாகிறதே என்று கவலைப்பட்டு முப்பத்தெட்டுக்கு ஏற்றினான். மோட்டாருக்காகக் கவலைப்பட்டான், சரி. அதன்பிறகு பஞ்சவர்ணம் அடுப்பைப் பற்றவைத்தால் ஹாலில் காற்று வந்தது, அவள் வெந்து வியர்த்தால் இன்னும் நேரம் காற்று வந்தது. சட்னி அரைக்க அவள் பழையபடி அம்மியிடம் போனாள். இதில் ஏதோ தலைகீழாக இருக்கிறதென்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுப்பங்கரைக்கு ஏன் ஃபேன் இல்லை என்று கேட்டால், அடுப்பு அணைந்துவிடும் என்பார்கள். ஒன்பது வீட்டிலும் அதே பதில்தான்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு, மேலூர்ப் பக்கமிருந்தும் உசிலம்பட்டிப் பக்கமிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்துவிட்டது. பந்திக்குமேல் பந்தியாக இலை விழுந்தது. ஹாலில் என்னமா காத்து, ஊட்டி மாதிரி இருக்கே என்று சாப்பிட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ரசம் கேட்டு உள்ளே போன ஒருத்திதான் பஞ்சவர்ணம் சிலிண்டரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். டாக்டர், இதயம் என்றார். பல்கலைக்கழக விடுதியிலிருந்து ஓடிவந்த மகள் அங்கயற்கண்ணி, இதயமில்லை, வெக்கை என்றாள். பிணத்துக்கு மாலை போட வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள், சங்கு ஊதுகிறவரிடமும் சொன்னாள். "படிச்ச புள்ளைக்குத் துக்கத்துலயும் வாய் ஓயுதா பாரு" என்று ஒரு சித்தி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

பரீட்சை எழுதப் போன அங்கயற்கண்ணி, வீட்டில் அங்கை, வைகாசியில் லீவுக்குத் திரும்பி வந்தபோது, காம்பவுண்டு அவள் அம்மாவின் சமையலுக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது. ஃபேன் சத்தத்தை வைத்து நேரம் பார்த்தார்கள். காலையில் முதல் ‘டக்’ கேட்டதும், "மதினி எந்திரிச்சிருச்சு, எந்திரிங்கடி" என்று அடுத்த வீட்டுக் குருவம்மா தன் மகள்களை எழுப்பினாள். ஓடுகிற விதத்தை வைத்துச் சமையலையும் சொன்னார்கள். ஓடுவதும் நிற்பதும் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தால் தோசை, விடாமல் ஓடினால் கறி, ஓடிய வேகத்தில் நின்றால் உப்புமா. ஞாயிற்றுக்கிழமைகளில் அது உச்சிவரை நிற்காமல் ஓடும், எதிர்வீட்டுத் தவமணி திண்டுக்கல் பூட்டு மாதிரி வாயை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார், வாசனை எதுவும் வராது, ஆனாலும், "வெள்ளாட்டங்கறிதான், சந்தேகமே வேண்டாம்" என்பார். 

அந்தக் காற்று வேறு மாதிரி இருந்தது. வெளியே கத்திரி வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்க, அந்த ஃபேனின் முன்னால் மட்டும் மழை பெய்து ஓய்ந்த கண்மாய்க்கரையில் உட்கார்ந்த மாதிரி ஒரு குளிர்ச்சி. பிள்ளைகள் அங்கே வந்து தூங்கினார்கள். தவமணி அங்கே வந்து பேப்பர் படித்தார். பிறகு குருவம்மா தன் வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து, "மதினி கோவிச்சுக்காது" என்று அதே எக்ஸ்டென்ஷனில் மாட்டினாள், அவள் வீட்டிலும் கண்மாய்க் காற்று வந்தது. அப்புறம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வயர் வந்தது. ஜன்னல் வழியாகவும், குளியலறைக் கூரைமேலும், துணி காயப்போடுகிற கொடியோடு கொடியாகவும் வயர்கள் ஓடின. அந்த ஒற்றைப் பிளக் அத்தனை ஃபேனையும் எப்படித் தாங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை. தாங்குவது அந்த அடுப்பங்கரையின் வழக்கம்.

"செத்தும் நம்ம மேல காத்து படணும்னு நெனைக்குது பாரு, என்ன புண்ணியவதி!" என்றாள் குருவம்மா, பையைக்கூடக் கீழே வைக்காத அங்கையிடம்.

"புண்ணியவதியா? செத்தும் லீவு கெடைக்கலன்னு சொல்லுங்கத்தே."

"இந்தா, வந்ததும் ஆரம்பிச்சுட்டா."

"தெரியாமத்தான் கேக்குறேன். இங்க காத்து வருதுன்னா அங்க எது வேகுது? அதை ஒருத்தராச்சும் உள்ள போய்ப் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்பதைவிட, அது யாருக்கும் பழக்கமில்லை. சோலைமலை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்யாக அழவில்லை, உண்மையாகவே அழுதார், அதுதான் அங்கைக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "உங்கம்மா என்னைய விட்டுப் போகலத்தா" என்றார்.

"போகல இல்லப்பா. போக விடல."

அவள் அடுப்பங்கரைக்குள் போனாள். உள்ளே குளிர்ந்து கிடந்தது. சிமெண்டு ஷீட்டுக்குக் கீழே, வைகாசி வெயிலில், அடுப்பு மேடை தண்ணீர்ப்பானை மாதிரி ஜில்லென்று இருந்தது. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் மேல் தூசி படிந்திருந்தது. கரித்துணியாகிப் போன அம்மாவின் பழைய சேலைக் கிழிசல், அசையாமல் ஆணியில் தொங்கியது. ஆனால் பெட்டியின் நெற்றியில் நாற்பத்துநான்கு என்று சிவப்பாக எரிந்தது. வயர் முனைக் குமிழை அங்கை விரலால் தொட்டாள். ஈரமாக இருந்தது. துடைத்தாள், மறுபடி ஈரமாகிச் சொட்டியது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

பிடுங்கி எறிந்தால் முடிந்தது என்று நினைத்தாள். பெட்டியைப் பிளக்கிலிருந்து பிடுங்கினாள். அந்த நொடியில் ஒன்பது வீட்டிலும் ஃபேன்கள் நின்றன, ஒன்பது வீட்டிலிருந்தும் "ஏ, யாரது?" என்று சத்தம் வந்தது. ஆனால் அவள் உள்ளங்கையில், கரண்ட் இல்லாத பெட்டியில், சிவப்பு எண் அணையவில்லை. நாற்பத்துநான்கு, அவள் பார்க்கப் பார்க்க நாற்பத்தைந்து ஆனது. பிடுங்கினால் நிற்பது காற்றுதான், சமையல் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. மறுபடி செருகினாள். வெளியே, "வந்துருச்சு, வந்துருச்சு" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்த கதிரேசனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, இதுல இந்த நம்பர் எம்புட்டு வரைக்கும் ஏறும்?"

"அது ஃபேன் சேரச் சேர ஏறுதுடி. நானும் கவனிச்சேன். குருவம்மா அத்தை மாட்டுனப்ப ஒண்ணு ஏறுச்சு, தவமணி சித்தப்பா மாட்டுனப்ப இன்னொண்ணு."

"கவனிச்சுட்டு சும்மாவா இருந்த?"

அவன் போனை நோண்டினான். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னான், "அன்னிக்கு அம்பத்திரெண்டு காட்டுச்சு."

"என்னிக்கு?"

"அழகர் எறங்குன அன்னிக்கு. அம்மா... அதுக்குக் கொஞ்ச முன்னாடி. தண்ணி குடிக்க உள்ள போனேன். அம்பத்திரெண்டு. மிசினு கெட்டுப்போச்சுன்னு நெனைச்சேன்."

"பக்கத்துல அம்மா நின்னாங்களே, அவங்களப் பாக்கலயா?"

"மிசினத்தான் பாத்தேன்" என்றான் கதிரேசன்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான், ஒரே வேலைதான். பெட்டி ஐம்பத்திரண்டைத் தொடக்கூடாது. தொட்டால் அம்மா அந்த அடுப்படியில் இன்னொரு தடவை சிலிண்டரில் சாய்வாள், அப்புறம் மறுநாள் காலையில் எழுந்து மறுபடி அடுப்பைப் பற்றவைப்பாள். ஒரு ஃபேனையாவது கழற்றுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள். "இந்தக் கத்திரி முடியட்டும்த்தா" என்றார்கள். "எங்க வீட்டு ஃபேன் சின்னது, அது என்னத்த இழுத்துறப் போகுது" என்றார்கள். "உங்கம்மாவே ஒண்ணும் சொல்லல, நீ என்ன?" என்றார்கள். அதற்கு அங்கை, "எங்கம்மா என்னிக்குச் சொல்லுச்சு? சொல்லாததையெல்லாம் சம்மதம்னு எழுதிக்கிட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். கேட்டதற்கு யாரும் கோபப்படவில்லை, காற்று நன்றாக வந்ததால் எல்லோரும் சாந்தமாக இருந்தார்கள்.

தவமணியின் மகளுக்குப் பூ வைக்கிற விசேஷம் காம்பவுண்டு முற்றத்திலேயே நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். பந்தலுக்குக் கீழே வாடகை ஃபேன்கள் வரிசையாக நின்றன, எல்லாவற்றின் வயரும் ஒரே வீட்டை நோக்கித்தான் போயின. பட்டுச்சேலைகள் படபடத்தன, தாம்பாளத்துக் குங்குமம் பறந்தது. "மதுரையிலயா இருக்கோம்?" என்று மாப்பிள்ளையின் தகப்பனார் ஆச்சரியப்பட்டார். "எல்லாம் எங்க மதினி புண்ணியம்" என்று தவமணி கையெடுத்துக் கும்பிட்டார். சோலைமலை, கௌரவமான மனுசன், நிற்கிற ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வாசலில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அங்கை அடுப்பங்கரையில் பெட்டியின் முன்னால் நின்றாள். நாற்பத்தொன்பது. குமிழிலிருந்து வியர்வை ஒழுகி மேடையில் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. ஐம்பது. வெளியே நாதஸ்வரக் கேசட்டைப் போட்டார்கள். ஆணியில் தொங்கிய சேலைக் கிழிசல் யாரோ முகம் துடைத்ததுபோல நனைந்து கனத்தது. யாரோ மூச்சு வாங்குவது அவள் காதருகே கேட்டது, சின்னச் சின்ன மூச்சாக, வாயால் வாங்குகிற மூச்சாக. ஐம்பத்தொன்று.

அவள் வாசலுக்கு ஓடினாள். அப்பாவின் முன்னால் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் கழுத்தோடு பிடித்தாள், சுற்றுகிறது சுற்றுகிறபடியே, வயரோடு தரதரவென்று உள்ளே இழுத்தாள்.

"ஏ, எங்கிட்டுத் தூக்கிட்டுப் போற?" சோலைமலை எழுந்து பின்னாலேயே வந்தார். அவள் ஃபேனை அடுப்பங்கரை நிலையைத் தாண்டி உள்ளே வைத்ததைப் பார்த்ததும், வாழ்நாளெல்லாம் சொன்ன பழக்கத்தில் அவர் வாய் தானாகச் சொன்னது: "அடுப்பு அணைஞ்சிரும்டி!"

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்தார். அது எரியவில்லை. அது எரிந்து எத்தனையோ நாளாகியிருந்தது. திறந்த வாயை அவர் மூடவில்லை.

அங்கை ஃபேனை அடுப்புக்கு முன்னால், ஒரு ஆள் நிற்கிற இடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அங்கே ஆள் யாரும் இல்லை. ஆனால் காற்று அங்கே எதிலோ பட்டுப் பிரிந்து இரண்டு பக்கமும் வந்தது. நனைந்த சேலைக் கிழிசல் மெதுவாக அசைந்தது, பிறகு முந்தானை மாதிரி விரிந்து பறந்தது. ஐம்பது. நாற்பத்தாறு. நாற்பத்தொன்று. வாயால் வாங்கிய மூச்சு மூக்குக்கு மாறியது, நீளமானது. முப்பத்தேழு என்று காட்டியதும் பெட்டி ‘டக்’கென்றது. உள்ளே ஃபேன் நின்றது. வெளியே பந்தலில், வாடகைக்கு வந்ததும் வீட்டிலிருந்து வந்ததுமான எல்லா ஃபேன்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் தொங்கப்போட்டன.

கத்திரி வெயில் அந்த முற்றத்துக்கு வர வேண்டிய பாக்கியையெல்லாம் சேர்த்து வைத்திருந்ததுபோல இறங்கியது. பட்டுச்சேலைகள் முதுகில் ஒட்டின. மாப்பிள்ளையின் தகப்பனார் அழைப்பிதழை எடுத்து விசிறினார். "சோலைமலையண்ணே, மதினிக்கு என்னாச்சு?" என்று தவமணி குரல் கொடுத்தார். "சரி, வந்தவுகளுக்கு ஒரு டீயாச்சும் குடுக்கலாம்ல?"

சோலைமலை மகளைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். அந்தப் பார்வை பட்டதும் தன் கழுத்தில் ஒரு வியர்வைத்துளி உருண்டதை அங்கை உணர்ந்தாள், பெட்டியில் ஒரு எண் ஏறியதையும் பார்த்தாள். சட்டென்று அடுப்படியை விட்டு விலகி, கதவோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அடுப்பு அங்கதான்ப்பா இருக்கு."

"எனக்கு என்னத்தா தெரியும்?"

"அம்மாவுக்கும் பொறக்கும்போதே தெரியாது."

அவர் உள்ளே வந்தார். டீத்தூள் எங்கே என்று தேடினார், மஞ்சள்தூளைத் திறந்தார், மிளகாய்த்தூளைத் திறந்து தும்மினார். விசேஷத்துக்காக வாங்கி வைத்திருந்த பாலைச் சட்டியில் ஊற்றினார், பாதி மேடையில் போனது. தீக்குச்சியைக் கிழித்து அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாகத் தீ எழுந்தது, ஆணியில் தொங்கிய குமிழ் உண்மையாகவே சுட்டது, பெட்டி ‘டக்’கென்றது, ஃபேன் சுற்றத் தொடங்கியது. அடுப்புக்கு இரண்டடி தூரத்திலிருந்து, முழு வேகத்தில், தீயின்மேல் நேராக.

தீ அணையவில்லை. அசையக்கூட இல்லை. சோலைமலையின் வேட்டி பறந்தது, காலண்டர் தாள் பறந்தது, தீ மட்டும் சாமி விளக்கு மாதிரி நிமிர்ந்து நின்றது. அதைச் சுற்றி ஏதோ இருந்தது. காற்று அதன்மேல் பட்டு வளைந்து போனது. இரண்டு உள்ளங்கைகளைக் குவித்துப் பொத்திப் பிடித்தால் எந்த அளவு இடம் இருக்குமோ அந்த அளவு இடத்தில், சுடச்சுட, தீ பத்திரமாக எரிந்தது.

"பஞ்சு..." என்றார் சோலைமலை.

அங்கை அழுதுகொண்டே, ஆனால் வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கிறவளின் குரலில் சொன்னாள்: "கையை எடும்மா."

தீ அப்படியே நின்றது.

"சுடும்மா. கையை எடு. அவர் பாத்துக்குவாரு. பாக்கலன்னா டீ இல்லாம இருக்கட்டும். நீ எடு."

பிறகு கண்ணாடி வளையல்கள் முழங்கைப் பக்கம் நகர்கிற சத்தம் கேட்டது. தீ ஒருமுறை படுத்தது, எழுந்தது, அணைந்தது. ஆணியில் தொங்கிய சேலைக் கிழிசல், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பறப்பதை நிறுத்திச் சாதாரணக் கரித்துணியாகத் தொங்கியது. அங்கை குமிழைத் தொட்டாள். காய்ந்திருந்தது.

காஸ் வாடை அடித்ததும் சோலைமலை பதறிப்போய் எந்தத் திருகு என்று தடவி அடுப்பை அடைத்தார். ஃபேனைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் கதவோரத்திலேயே நின்றாள். கடைசியில் அவரே ஃபேனை அமத்தினார், ஜன்னலைத் திறந்து விட்டார், துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, மறுபடி குச்சியைக் கிழித்தார். அடுப்பங்கரையின் வெக்கை அவர் மேல் ஏறியது. நெற்றியில் வேர்த்து, மூக்கு நுனியில் திரண்டு, சட்டியின் விளிம்பில் சொட்டியது. பெட்டியில் முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்திரண்டு.

வெளியே பந்தலில் ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கின. குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். "ஆகா, மதினி காத்து வந்துருச்சு!" என்று தவமணி கத்தினார். "புண்ணியவதி! நல்லாருக்கணும்!" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சேர்ந்து சொன்னார்கள்.

அது அவ இல்ல என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டு சோலைமலை வாசல் பக்கம் திரும்பினார்.

"பாலைப் பாருங்கப்பா" என்றாள் அங்கை. "பொங்குது."